விலங்கியல் துறையிலிருந்து ஒரு விண்ணப்பம்

இளநிலை மாணவர்களின் ஆய்வுக் கட்டுரைகளை மட்டுமே வெளியிடும் இதழ் ஒன்றை அந்தக் கல்லூரி நடத்திவந்தது. அதைக் கவனிப்பவருக்குத் ‘தலைமை ஆசிரியர்’ என்று பதவிப் பெயர் வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. பொருளாதாரப் பேராசிரியர் அந்தப் பொறுப்பை ஏற்ற மறுநாளே, கேன்டீனில் யாரோ, “என்ன ஹெட்மாஸ்டர், பெல் அடிச்சாச்சா?” என்று கேட்டுவைக்க, அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. கடைநிலை ஊழியரிலிருந்து முதல்வர் வரை எல்லோருக்கும் அவர் ஹெட்மாஸ்டர்தான். அவருக்கும் அதில் உள்ளூர ஒரு சந்தோஷம்.

இதழின் மேல் அவருக்கு உயிர். பெரியவர்கள் எழுதும் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்தால் கொட்டாவி வருகிறது என்பார். “பசங்க எழுதறதுலதான் நிஜமாவே ஒரு கேள்வி இருக்கும். ஆராய்ச்சின்னா எப்படி இருக்கணும்னு அவங்களுக்கு இன்னும் யாரும் சொல்லிக் கெடுக்கலை.” சைக்கிள் நிறுத்துமிடத்துச் சிலந்திகள் எந்த மூலையில் வலை பின்னுகின்றன, நூலகத்தில் எந்த நாற்காலி முதலில் நிரம்புகிறது, பக்கத்து வீட்டுக்காரர்கள் எதற்காகச் சண்டை போடுகிறார்கள் என்றெல்லாம் கட்டுரைகள் வரும். ஒவ்வொன்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிப்பார். திருப்பி அனுப்ப வேண்டிய கட்டுரைக்குக்கூட ஏன் திருப்புகிறோம் என்று பொறுமையாக எழுதுவார்.

அப்படிப்பட்டவர் திடீரென்று ஒருநாள் முதல்வரின் அறைக்குப் போய், “எனக்குப் போதும்மா. புது ரத்தம் வரட்டும்” என்று சொன்னபோது யாரும் நம்பவில்லை.

உண்மை என்னவென்றால், விளக்கெண்ணெய் விட்டாலும் இப்போது கண் தெரியவில்லை. இரண்டு கண்ணிலும் புரை. டாக்டர், “சின்ன ஆபரேஷன் சார், காலைல வந்தா மத்தியானம் வீட்டுக்குப் போயிடலாம்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் ஹெட்மாஸ்டருக்குக் குலை நடுங்கிவிட்டது. விழித்திருக்கும்போதே கண்ணுக்குள் கருவியை விடுவதாவது! இந்த மாதம், அடுத்த மாதம் என்று ஒரு வருடத்தை ஓட்டிவிட்டார். ஹெட்மாஸ்டருக்கே எழுத்து தெரியவில்லை என்று கல்லூரியில் சிரிப்பார்களே என்ற கூச்சத்தில், வீட்டுக்கு வெளியே யாரிடமும் மூச்சு விடவில்லை.

அந்த ஒரு வருடமும் இதழ் நடந்தது அவர் மனைவியால். அதே கல்லூரியில் விலங்கியல் துறையில் அவளுக்கு வேலை. மாலையில் இருவரும் வீடு திரும்பி, காப்பி குடித்து முடித்ததும், அவர் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். அவள் ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்து கட்டுரையை உரக்க வாசிப்பாள். அவர் குறிப்பு சொல்வார், அவள் கணினியில் அடிப்பாள்.

நடுநடுவே, “இது எப்படிங்க? மழை நாள்ல மட்டும் பார்த்துட்டு வருஷம் பூரா இப்படித்தான்னு சொல்றாங்களே?” என்பாள்.

“நீ வாசி. உன்கிட்ட யாரும் கருத்து கேட்கலை.”

அவள் வாசிப்பாள். பத்து வரி தாண்டியதும் அவரே, “அந்த மழை நாள் சமாசாரத்தை எழுதிக்கோ” என்பார், தனக்கே தோன்றிய மாதிரி. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடிப்பாள்.

புதிய தலைமை ஆசிரியரைத் தேடும் வேலையும் அவர் தலையிலேயே விழுந்தது. முதல்வர், கணிதப் பேராசிரியர், வரலாற்றுப் பேராசிரியர், அவர் என்று நான்கு பேர் கொண்ட தேர்வுக் குழு அமைத்தார்கள். அறிவிப்பு ஒட்டிய பிறகு, நடைவழியில் ஹெட்மாஸ்டரின் தலை தெரிந்தாலே போதும், ஆளுக்கொரு வகுப்பறைக்குள் நழுவினார்கள். வேதியியல்காரர் ஒருவர் மட்டும் ஆர்வமாக வந்து, “இதை எடுத்துக்கிட்டா வாரத்துல எத்தனை வகுப்பு குறைப்பாங்க?” என்று கேட்டார். ஒன்றும் குறையாது என்றதும், வீட்டில் உடம்பு சரியில்லை என்று போனவர்தான்.

கடைசி நாளும் முடிந்து, குழு முதல்வர் அறையில் கூடியது. மேசைமேல் மெல்லிய கோப்பு ஒன்று. முதல்வர் அதை ஹெட்மாஸ்டர் பக்கம் தள்ளி, “நீங்களே படிங்க சார்” என்றார்.

ஹெட்மாஸ்டர் கோப்பைத் திறந்து, கண்ணாடியை ஏற்றி இறக்கினார். எழுத்தெல்லாம் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. தொண்டையைச் செருமி, “நான் படிச்சா நான் யாரை விரும்புறேன்னு குரல்லயே தெரிஞ்சுடும். வரலாறு படிக்கட்டும்” என்று கோப்பைக் கைமாற்றிவிட்டார். சமாளித்ததில் அவருக்கே ஒரு பெருமிதம்.

வரலாற்றுப் பேராசிரியர் பக்கத்தைப் புரட்டினார். “ரெண்டே ரெண்டுதான் வந்திருக்கு. ஒண்ணு சமூகவியல் துறை. போன வருஷம் சேர்ந்தாரே, அந்தத் தம்பி. முன்னாடி வேலை பார்த்த இடத்துல ஒரு ஆய்விதழுக்குத் துணையாசிரியரா இருந்திருக்கார். அடுத்தது, விலங்கியல் துறை…” என்று தொடங்கியவர் அப்படியே நிறுத்தினார்.

“விலங்கியல்ல யாரு?” என்றார் ஹெட்மாஸ்டர் ஆவலாக. “அங்க நம்ம இதழைப் படிக்கற ஆள்கூட இருக்காங்களா?”

கணிதப் பேராசிரியர் கூரையில் இருந்த மின்விசிறியைப் பார்த்தார். முதல்வருக்கு உதட்டோரம் துடித்தது.

“உங்க வீட்டம்மாதான் சார்” என்றார் வரலாற்றுப் பேராசிரியர்.

ஹெட்மாஸ்டரின் முகத்தில் ஈயாடவில்லை. காலையில்தான் ஒரே பேருந்தில், ஒரே இருக்கையில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள். இறங்கும்போது, “குடை எடுத்துக்கிட்டீங்களா?” என்று மட்டும்தான் கேட்டாள்.

“உங்களுக்குத் தெரியாதா?” என்றார் முதல்வர்.

“தெரியும் தெரியும்” என்றவர், உடனேயே, “தெரியாது” என்றார். பிறகு எழுந்து நாற்காலியைச் சரியாக உள்ளே தள்ளினார். “நான் இந்தக் குழுவுல இருக்கறது சரியில்லை. நீங்க மூணு பேரும் பார்த்துக்கங்க.”

அன்று மாலை வீட்டில் காப்பி வந்தது, பேச்சு வரவில்லை. கடைசியில் அவரே உடைத்தார்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?”

“வேணாம்னு சொல்லியிருப்பேன். ஊர் என்ன பேசும்? புருஷன் எழுந்த நாற்காலியில பொண்டாட்டியை உட்கார வெச்சான்னு சொல்ல மாட்டாங்களா?”

“அதான் சொல்லலை” என்றாள் அவள். “நீங்க என்னை உட்கார வைக்க வேணாம். நானா கேட்டிருக்கேன். கிடைச்சா உட்கார்றேன், கிடைக்கலைன்னா வீட்டுக்கு வர்றேன்.”

“திடீர்னு என்ன ஆசை?”

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். எதிர் மாடியில் யாரோ துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். “ஒரு வருஷமா வாசிச்சேன்ல? பிடிச்சுப்போச்சு. அந்தச் சிலந்திப் பொண்ணு இப்ப என்ன பண்றாளோன்னு பாடம் நடத்தும்போதுகூட நினைப்பு வருது. நாளைக்கு வேற யாரோ வந்தா, பசங்க எழுதறதை நான் எங்க போய்ப் படிக்கறது?”

ஹெட்மாஸ்டர் மகளுக்குப் போன் போட்டு முறையிட்டார். வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள், “ஐயோ அப்பா, உங்களுக்கு இப்பதான் தெரியுமா? மாமாவுக்குக்கூடத் தெரியுமே!” என்றாள். மச்சானுக்குத் தெரிந்திருக்கிறது! ஒரு வருடமாகக் காதால் மட்டுமே இதழ் நடத்தியவருக்கு, வீட்டில் நடந்தது ஒன்றும் காதில் விழவில்லை.

நேர்காணல் நடந்த நாளில் ஹெட்மாஸ்டர் தன் அறையில் உட்கார்ந்து, விடைத்தாள் திருத்துகிறேன் என்று ஒரே தாளைத் தலைகீழாகவும் நேராகவும் பிடித்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் முதல்வர் கூப்பிட்டனுப்பினார். மற்ற இருவரும் அங்கே இருந்தார்கள்.

“சார், நீங்க குழுவுல இல்லை. ஆனா பொறுப்பை ஒப்படைக்கப் போறவர் நீங்க. அதனால மரியாதைக்கு முதல்ல உங்ககிட்ட சொல்றோம்” என்றார் முதல்வர். “சமூகவியல் தம்பியை எடுக்கலாம்னு இருக்கோம். உங்க வீட்டம்மா ரொம்ப நல்லாப் பேசினாங்க. நம்ம இதழ்ல எழுதினவங்களைத் தவிர அதை யாரும் படிக்கறதில்லைன்னு முகத்துக்கு நேரா சொன்னாங்க. ஆனா அனுபவம் என்னன்னு கேட்டா, ‘படிப்பேன்’னு ஒரே வார்த்தைதான். எவ்வளவு கேட்டும் அதுக்கு மேல பிடி கொடுக்கலை.”

ஹெட்மாஸ்டருக்குப் புரிந்தது. அவள் ஒரு வருட வேலையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் அவள் வாசிக்க வேண்டியிருந்தது என்று கேட்பார்கள். கண் விவகாரம் வெளியே வரும். அதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கிறாள்.

கணிதப் பேராசிரியர் ஆறுதலாக அவர் கையைத் தட்டினார். “வருத்தப்படாதீங்க ஹெட்மாஸ்டர். இது எல்லாருக்கும் வர்ற வேலை இல்லை. மதிப்பீட்டுக்கு எனக்கு அனுப்பினீங்களே, அந்த லிப்ட் கட்டுரை ஞாபகம் இருக்கா? லிப்டுக்குக் காத்திருக்கறதைவிடப் படியேறினா சீக்கிரம் போயிடலாம்னு ரெண்டு பசங்க கணக்குப் போட்டாங்களே. கணக்கு எல்லாம் சரியா இருக்கு, என்ன தப்புன்னு எனக்கே தெரியலை. நீங்க ஒரே வரி எழுதினீங்க. ‘நீங்கள் அளந்தது லிப்டை அல்ல, வகுப்புக்குத் தாமதமான நாட்களில் உங்கள் அவசரத்தை.’ நான் இன்னைக்கும் அதை வகுப்புல சொல்றேன். அப்படி ஒரு கண்ணு வேணும் சார்!”

ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“அந்தக் கண்ணு என்னுது இல்லை” என்றார்.

“அப்படின்னா?”

“அந்த வரியை எழுதினது அவதான். நான் கண்ணை மூடிக்கிட்டு சோபாவுல படுத்திருந்தேன். அவ அடிச்சுட்டுப் படிச்சுக் காட்டினா, நான் ‘ம், போடு’ன்னேன். நான் செஞ்சது அந்த ‘ம்’ மட்டும்தான்.” ஆரம்பித்தபின் அவரால் நிறுத்த முடியவில்லை. புரை, டாக்டரின் சிரிப்பு, மாலை வாசிப்பு, மழை நாள் சமாசாரம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். “எனக்கு இப்ப உங்க மூணு பேர் முகமும் மூணு இட்லித் தட்டு மாதிரிதான் தெரியுது” என்று முடித்தார்.

முதலில் சிரித்தது முதல்வர்தான். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. சிரிப்பு ஓய்ந்ததும் முதல்வர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “சார், புருஷன் வந்து சிபாரிசு பண்ணி நாங்க முடிவை மாத்தினோம்னு நாளைக்குப் பேச்சு வரும். தம்பிக்கும் அது நியாயம் இல்லை.”

“நானும் மாத்தச் சொல்லலை. உண்மை தெரியாம முடிவு பண்ணக் கூடாதுன்னுதான் சொன்னேன். நான் வர்றேன்” என்று எழுந்தவரைக் கணிதப் பேராசிரியர் கையமர்த்தினார்.

“இருங்க. நம்ம இதழ்ல கட்டுரையை எப்படித் தேர்ந்தெடுக்கறோம்? எழுதினவங்க பேரை மறைச்சுட்டுத்தானே? இவங்களையும் அப்படியே பார்த்தா என்ன? ரெண்டு பேருக்கும் ஒரே கட்டுரையைக் குடுப்போம். குறிப்பு எழுதட்டும். யாரு எழுதினதுன்னு தெரியாம நாங்க படிக்கறோம்.”

வரலாற்றுப் பேராசிரியர், “இது முதல்லயே தோணியிருக்க வேணாமா நமக்கு?” என்றார்.

வீட்டுக்குப் போகும் பேருந்திலேயே ஹெட்மாஸ்டர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மனைவிக்கு வந்த கோபத்தில், இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போயிற்று.

“கண்ணைப் பத்தி ஒருத்தருக்கும் தெரியக் கூடாதுன்னு யாரு சொன்னது?”

“நான்தான்.”

“நான் அங்க பல்லைக் கடிச்சுக்கிட்டு ஊமை மாதிரி உட்கார்ந்திருந்தேன். நீங்க போய்ப் போட்டு உடைச்சுட்டு வர்றீங்க!”

“அவர் என் கையைத் தட்டிக் குடுத்துப் பாராட்டறார் தெரியுமா? உன் வரிக்கு. அதை வாங்கிக்கிட்டு எப்படி வீட்டுக்கு வர்றது?”

தாண்டிப் போன நிறுத்தத்திலிருந்து இருவரும் நடந்து வந்தார்கள். இருட்டத் தொடங்கியிருந்தது. ஓரிடத்தில் நடைபாதைக் கல் ஒன்று பெயர்ந்து கிடந்தது. கோபம் தீராமலேயே அவர் முழங்கையைப் பிடித்துத் தாண்டவைத்தாள். பிறகு விடவில்லை.

கொடுத்த கட்டுரை, வீட்டு நாய்கள் எஜமானர் வரும் நேரத்தை முன்பே அறிகின்றனவா என்பது பற்றியது. எழுதியவன் முதலாண்டு மாணவன். அவன் பார்த்தது ஒரே ஒரு நாய், அதுவும் சொந்த நாய். இருவரும் தனித்தனி அறையில் உட்கார்ந்து எழுதினார்கள். அலுவலகத்தில் இருந்த அம்மா பெயரில்லாமல் அச்செடுத்து ‘அ’, ‘ஆ’ என்று குறித்துக் குழுவிடம் கொடுத்தார்.

‘அ’ பரிவாக இருந்தது. மாணவனின் ஆர்வத்தைப் பாராட்டி, இன்னும் பல நாய்களைப் பார்க்கும்படி அறிவுரை சொல்லி, தொடர்ந்து முயலுமாறு வாழ்த்தியிருந்தது. ‘ஆ’ சுருக்கமாகவும் கறாராகவும் இருந்தது. இதை இப்படியே வெளியிட முடியாது என்று முதல் வரியிலேயே சொன்னது. ஒரே நாயைப் பார்த்தது குற்றமில்லை, அந்த நாய்மேல் உள்ள பாசத்தால் அது தவறிய நாட்களைக் குறிக்காமல் விட்டதுதான் குற்றம் என்றது. அப்பா வேறு வழியாக, வேறு நேரத்தில் வந்தால் நாய் என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டு எழுதச் சொன்னது. கடைசியில், ‘அது வாசலுக்கு வராத நாட்களில் எங்கே படுத்திருந்தது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்’ என்றிருந்தது.

முதல்வர் ‘அ’ தான் விலங்கியல் அம்மா என்று அடித்துச் சொன்னார். “பெண்ணைப் பெத்தவங்க, பரிவு இருக்கு பாருங்க.” மற்ற இருவரும் தலையாட்டினார்கள். ஆனால் எது வேண்டும் என்று கேட்டபோது மூவரும் தயங்காமல் கை வைத்தது ‘ஆ’வின் மேல். அந்தக் கடைசி வரியைப் படித்ததிலிருந்து மூன்று பேருக்குமே நாய் எங்கே படுத்திருந்தது என்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

அலுவலக அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டபோதுதான் தெரிந்தது, ‘ஆ’ எழுதியது ஹெட்மாஸ்டர் மனைவி.

சமூகவியல் தம்பி மனம் கோணவில்லை. இரண்டு குறிப்புகளையும் வாங்கிப் படித்துவிட்டு, நேராக விலங்கியல் துறைக்குப் போய், “மேடம், நான் அந்தப் பையனைத் தட்டிக் குடுத்து வீட்டுக்கு அனுப்பிட்டேன். நீங்க திரும்ப நாய்கிட்ட அனுப்பியிருக்கீங்க” என்றார். அவள் அங்கேயே அவரைத் துணையாசிரியராக வரச் சொன்னாள். “என் கறாருக்குப் பயந்து பசங்க ஓடிடுவாங்க. நீங்க பக்கத்துல இருந்து தண்ணி குடுங்க” என்றாள்.

அவள் பொறுப்பேற்றதும் போட்ட முதல் கட்டளை இதழைப் பற்றியதல்ல. விடுமுறை தொடங்கிய அன்றே ஹெட்மாஸ்டரைக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஊரெல்லாம் தெரிந்துவிட்ட பிறகு தள்ளிப்போட அவருக்குக் காரணம் கிடைக்கவில்லை. ஆபரேஷன் அறை வாசல்வரை அவள் கையை விடாமல் பிடித்திருந்தவர், உள்ளே போன சூட்டிலேயே வெளியே வந்து, “அவ்வளவுதானா?” என்று கேட்டு டாக்டரை மறுபடி சிரிக்கவைத்தார்.

முதலில் ஒரு கண்தான். மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். சுவரின் வெள்ளை கூசியது. டாக்டரின் சட்டையில் ஒரு பொத்தான் வேறு நிறத்தில் இருந்தது. அவர் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“உனக்கு எப்போ இவ்வளவு நரைச்சுது?”

“நீங்க சோபாவுல கண்ணை மூடிக்கிட்டு ‘ம், போடு’ன்னு சொல்லிக்கிட்டிருந்தப்போ.”

“நல்லாத்தான் இருக்கு” என்றார் அவர். பக்கத்தில் மருந்துச் சீட்டோடு நின்ற நர்ஸ் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது அவள் கட்டுரைகளைக் கல்லூரியிலேயே படித்துவிடுகிறாள். வீட்டுக்கு எடுத்து வந்தாலும், “ரகசியம்” என்று சொல்லிவிடுகிறாள். சோபாவில் உட்கார்ந்தபடி அவர் ஒருமுறை எட்டிப் பார்த்துக் கருத்து சொல்லப்போக, “உங்ககிட்ட யாரும் கேட்கலை” என்றாள். அவர் முகம் வாடியதைப் பார்த்து மனம் கேட்காமல், பொருளாதாரக் கட்டுரைகளுக்கு அவரை மதிப்பீட்டாளராகப் போட்டிருக்கிறாள். போன வாரம் அவர் ஒரு கட்டுரைக்குக் குறிப்பு அனுப்பத் தாமதமானது. சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவரின் போன் ஒலித்தது. ‘மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மதிப்பீட்டுக்கான கெடு முடிந்துவிட்டது’ என்று செய்தி. அனுப்பியவள் அடுத்த அறையில் இருந்தாள்.

“இதை நேர்லயே சொல்லக் கூடாதா?” என்று கத்தினார்.

“அது வேற, இது வேற!” என்று பதில் வந்தது. “நாளைக்குள்ள அனுப்புங்க சார்.”

கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, ஹெட்மாஸ்டர் கட்டுரையைத் திறந்து உட்கார்ந்தார்.